வேண்டும் என்பதும் விசுவசிக்கிறேன் என்பதும்

பொதிகையில் பிறந்து, திருநெல்வேலிச் சீமையின் வயல்களையெல்லாம் ஊட்டி வளர்த்துவரும் தாமிரபரணி, புன்னைக்காயல் கரையில் கடலோடு கலக்கிறது. இவ்வூருக்கு வருவோர் கோயிலில் சிறிது நேரம் செபித்துவிட்டு, ஆற்றுமுகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். நாம் நாள்தோறும் செபிக்கும் தமிழ், இதுபோன்ற கரையோர ஊர்களில் பலர் கூடிப் பேசியும் ஒருவரையொருவர் திருத்தியும் உருவாக்கிய தமிழ் என்பது பலருக்கு நினைவில் இல்லை. அவ்வரலாற்றை நினைவுகூர்வது இன்று நமக்குப் பெரிதும் தேவை என்று எண்ணுகிறோம்.

1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் அவர்களுக்கு மறையைக் கற்பிக்க அவர்தம் மொழி அறிந்த குரு இல்லை. சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. அவர் என்ன செய்தார்? இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டிப் பல நாள் அவர்களோடு அமர்ந்து, மிகுந்த உழைப்பின்பின் செபங்களைத் தமிழாக்கினார். பின்னர் அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டினார். கற்றதை வீட்டிலும் அண்டை அயலாரிடத்தும் சொல்லிக்கொடுக்கும்படி சிறுவரை ஏவினார். 1544 சனவரியில் உரோமையிலுள்ள தம் தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இவையெல்லாம் விவரிக்கப்பட்டுள்ளன.

அதே ஆண்டில் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதமொன்று நம் சிந்தனைக்கு உரியது. விசுவாச அறிக்கையில் ஒரு பிழை நேர்ந்திருப்பதை அவர் கண்டுகொண்டார். ‘விசுவசிக்கிறேன்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று மக்கள் சொல்லிவந்தனர்! வேணும் என்றால் விரும்புகிறேன் என்று பொருள். ஆகவே அதை மாற்றி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லையே சொல்லச் செய்யும்படி எழுதினார். தாம் கற்பித்ததில் பிழை உண்டென்று ஒப்புக்கொண்டு திருத்தம் அனுப்ப அவர் வெட்கப்படவில்லை. புனிதரின் புதுமைகளைப் பற்றி மறையுரைகளில் நாம் நிறையச் சொல்லியிருக்கிறோம். இந்தத் தாழ்ச்சியைப் பற்றிச் சொன்னது குறைவே.

அவர் தொடங்கிய பணியை முதிரச் செய்தவர் அண்டிரிக் அடிகளார். போர்ச்சுக்கல் நாட்டில் 1520-இல் பிறந்த இவர், 1546-இல் இந்தியா வந்து, 1600-இல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதும் இக்கடற்கரையிலேயே உழைத்தார். தொடக்கத்தில் துபாசியை நம்பியிருந்தவர், பின் இரவுபகலாகத் தமிழ் பயின்று அவர் துணையின்றியே பேசவும் எழுதவும் வல்லவரானார். தாம் கற்றதைப் பின்வரும் குருக்களுக்குப் பயன்படுமாறு போர்ச்சுக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணமாகவும் எழுதிவைத்தார்.

1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கமே கொண்ட சிறுநூல். இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளால் அச்சான முதல் நூல் அதுவே. அண்டிரிக் அடிகளாரின் நூல் என்று அதனைக் கூறுகிறோம். ஆயினும் அத்தமிழாக்கத்தில் மனுவேல் தெ சன் பேதுரு என்ற குரு அவருக்குத் துணைநின்றார். கோவாவில் கொன்சால்வசும் கொல்லத்தில் பாரியாவும் எழுத்துகளை வார்த்தனர். அச்சுச் செலவுக்குப் பரதவ மக்கள் பொருள் தந்தனர். பலர் கைபட்டுப் பிறந்த நூல் அது. அடுத்த ஆண்டு, 1579-இல், கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ வினாவும் விடையுமாக அமைந்தது. மறையறிவு உரையாடலாகவே நம் மொழியில் அச்சேறியது. 1586-இல் புனிதர் வரலாறுகளைக் கூறும் பெருநூலும் வந்தது.

இவ்வாறு பிறந்த மறைத்தமிழ் பின்னரும் மாறாமல் நிற்கவில்லை. அண்டிரிக் அடிகளார் ‘தம்பிரான்’ என்று அழைத்த இறைவனை, தத்துவ போதக சுவாமிகள் ‘சருவேசுரன்’ என்றார். நாம் இன்று ‘கடவுள்’ என்கிறோம். நம் பாட்டியர் ‘பூசை காணப்’ போனார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப்பின் நாம் திருப்பலியில் பங்கேற்கிறோம். சவேரியார் திருத்திய அந்த ‘விசுவசிக்கிறேன்’ என்ற சொல்லும் இன்றைய செபத்தில் ‘நம்புகிறேன்’ என்றாயிற்று. விசுவாசம் ஒன்றே, அதை உணர்ந்து உரைக்கும் அறிவோ, சொல்வோரும் கேட்போரும் கலந்து பேசுந்தோறும் தெளிவடைகிறது.

அந்தப் பேச்சு நின்றுபோனால் என்ன ஆகும்? அதற்கும் நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. அந்தப் பழைய நூல்களைக் காலப்போக்கில் நாம் அறவே மறந்தோம். அவற்றின் படிகள் வெளிநாட்டு நூலகங்களில் உறங்கின. அவற்றைத் தமிழுலகம் மீண்டும் அறியச் செய்தவர்களுள் தனிநாயகம் அடிகளார் முதன்மையானவர். ஈழத்தில் 1913-இல் பிறந்து, உரோமையில் இறையியல் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1940-இல் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராய் அமர்ந்தார். அங்கே குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் மாணவராக இருந்து தமிழ் இலக்கியம் கற்றார். பின்னர் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் கண்டார். 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கி உலக அறிஞரைத் தமிழ் பற்றி உரையாட வைத்தார். 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் ஆய்வுப்பணி புரிந்த இயேசு சபைக் குரு இராசமாணிக்கம் அடிகளார், அண்டிரிக் அடிகளாரின் நூல்களை 1960களில் பதிப்பித்து நம் கையில் தந்தார்.

வடக்கன்குளத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். தனிநாயகம் அடிகளார் அங்கு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, அவ்வூர்க் கோயிலினுள் சாதியின் பெயரால் இறைமக்களைப் பிரித்த சுவர் ஒன்று நின்றது. ஒரே பீடம், ஒரே அப்பம், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதவாறு இரு கூட்டம். கௌசானல் அடிகளார் காலத்தில், 1910-இல், அச்சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு உயர்நீதிமன்றம்வரை சென்றது. தீர்ப்பு சமத்துவத்தின் பக்கம் நின்றது. செங்கற்சுவர் விழுந்தது. நம் உள்ளங்களில் உள்ளதும் விழுந்துவிட்டதா என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம். தன்னினும் தாழ்ந்தவன் என்று தான் எண்ணுகிற ஒருவனிடம் எவனும் ஐயம் கேட்கமாட்டான். ஐயம் கேளாதவனுக்கு அறிவும் வளராது.

இக்குறை பிறரிடம் மட்டும் உள்ளதென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், கடற்கரைப் பங்கொன்றில் உதவிக் குருவாக இருந்தோம். பாஸ்கா காலத்து ஞாயிறு ஒன்றில், உயிர்த்த ஆண்டவர் கரையில் நின்று, படகின் வலப்பக்கம் வலைவீசச் சொன்ன நற்செய்தியை விளக்கி, குருமடத்தில் படித்ததையெல்லாம் கொட்டினோம். பூசை முடிந்ததும் முதிய மீனவர் ஒருவர் சக்கிறீஸ்து வாசலில் தயங்கி நின்றார். “சாமி, ஒண்ணு சொல்லலாமா? கரையிலே நிக்கிறவனுக்குத் தெரியிற மீன்கூட்டம் சில நேரம் வள்ளத்துல இருக்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. அதான் கரைமடி இழுக்கையிலே கரையிலே நின்னு ஒருத்தன் கை காட்டுவான்” என்றார். அன்று நாம் “அப்படியா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டோம். நாம் படித்த விரிவுரை நூல்கள் சொல்லாத விளக்கத்தை, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தந்திருக்கிறார் என்பது நமக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர் கல்லறைக்குப் போய்விட்டார். நன்றி சொல்ல முடியாமற்போன கடன் இன்றும் நம்மிடம் இருக்கிறது.

இன்று நம் பங்குகளில் அன்பியக் கூட்டங்கள் உண்டு. விவிலிய வகுப்புகளும் உண்டு. அங்கே ஒருவர் பேச மற்றவர் தலையசைத்துக் கலைவதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கிறது. தேரில் அமர்ந்து எசாயாவின் நூலை வாசித்த எத்தியோப்பிய அலுவலர், தமக்கு விளங்கவில்லை என்று பிலிப்பிடம் வெளிப்படையாகச் சொன்னார். பிலிப்பு தேரில் ஏறி அவர் அருகே அமர்ந்தார். கேட்க நாணாத ஒருவரும் அருகே அமர மறுக்காத ஒருவரும் சேர்ந்தபோது அங்கே நற்செய்தி பிறந்தது.

அடுத்த முறை புன்னைக்காயலுக்குச் செல்லும்போது, அக்கரையில் சற்று அமர்ந்து விசுவாச அறிக்கையைச் சொல்லிப் பாருங்கள். ‘வேண்டும்’ என்று சொல்லிவந்த மக்களையும், பிழையை உணர்ந்து கடிதம் எழுதிய புனிதரையும் நன்றியோடு நினையுங்கள். பின்பு வீடு திரும்பி, இதுவரை நாம் காதுகொடுத்துக் கேளாத ஒருவரிடம் சென்று, “இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். நாமும் கேட்கிறோம்.