செல்லின் பதிலைக் கணினி படித்த கதை

ஒரு செல்லுக்குக் கொடுக்கும் உணவை மாற்றினால் அது என்ன செய்யும்? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் முழுமையான பதிலைத் தேடிப் போன உயிரியலாளர்கள் கடைசியில் கணினியிடம்தான் வந்து சேர்ந்தார்கள்.

1961ல் பிரான்சின் ஜேக்கப், மோனோ இருவரும் ஈ.கோலை பாக்டீரியாவில் லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்கள் எப்படித் திறந்து மூடுகின்றன என்று விளக்கினார்கள். இதற்காக 1965ல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் ஆய்வு இந்த வழியிலேயே நடந்தது. ஒரு மரபணுவை எடு, கெடுத்துப் பார், என்ன ஆகிறது என்று எழுது.

1996ல் நிலைமை மாறியது. ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட்டின் மரபுத்தொகுதி முழுவதும் வெளியானது. சுமார் 1.2 கோடி எழுத்துகள், ஏறத்தாழ 6,000 மரபணுக்கள். மறு ஆண்டே ஸ்டான்ஃபோர்டில் பாட் பிரவுனின் ஆய்வகத்தில் ஜோசப் டிரைசி, மைக்ரோ அரே என்ற கண்ணாடிச் சில்லின் துணையோடு அத்தனை மரபணுக்களின் செயல்பாட்டையும் ஒரே சமயத்தில் அளந்து காட்டினார். குளுக்கோஸ் தீர்ந்ததும் ஈஸ்ட் ஆல்கஹாலுக்கு மாறும் அந்த நேரத்தில் எந்த மரபணு ஏறுகிறது, எது இறங்குகிறது என்பதெல்லாம் தெரிந்தது.

இப்போது பிரச்சினை தகவல் இல்லை என்பதல்ல, தகவல் மலையாகக் குவிந்துவிட்டது என்பதுதான். 1998ல் மைக்கேல் ஐசன் குழுவினர், ஒரே மாதிரி நடந்துகொள்ளும் மரபணுக்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துச் சிவப்பு, பச்சை நிறங்களில் காட்டும் முறையைத் தந்தார்கள். எவை சேர்ந்து ஏறுகின்றன என்று இது சொன்னது. யார் யாருக்குக் கட்டளை இடுகிறார்கள் என்று சொல்லவில்லை.

அதற்கான விவரங்கள் வேறு வேறு இடங்களில் சிதறிக் கிடந்தன. கியோட்டோவில் கனேஹிசா 1995ல் தொடங்கிய 'கெக்' தளத்தில் வேதிவினைப் பாதைகள் இருந்தன. ஈ, எலி, ஈஸ்ட் ஆய்வாளர்கள் 1998ல் கூடி, மரபணுக்களின் வேலைகளுக்குப் பொதுவான சொற்பட்டியல் உருவாக்கத் தொடங்கினார்கள். 2000ல் ஈஸ்ட்டின் எந்தப் புரதம் எதோடு ஒட்டுகிறது என்ற பெரிய பட்டியல் வந்தது. இவற்றை ஒன்றாகக் கோர்ப்பது யார்?

காலக்டோஸ் சோதனை

2000ல் லீராய் ஹூட் மற்றும் சக அறிஞர்கள் அமெரிக்காவின் சியாட்டிலில் 'சிஸ்டம்ஸ் பயாலஜி' ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கே ட்ரே ஐடெக்கர் குழுவினர் செய்து 2001ல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தக் கதையின் மையம்.

பாலின் சர்க்கரையில் பாதியான காலக்டோஸை ஈஸ்ட்டும் உண்ணும். அதற்கு உதவும் ஒன்பது மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். நீக்காத ஈஸ்ட்டையும் சேர்த்தால் பத்து வகை. காலக்டோஸ் உள்ளபோதும் இல்லாதபோதும் என 20 நிலைகள். 997 மரபணுக்களின் தூது ஆர்.என்.ஏ. அளவு மாறியது. கூடவே 289 புரதங்களையும் பார்த்தார்கள். அவற்றில் சுமார் 15, ஆர்.என்.ஏ. உருவான பிறகு வேறு வழியில் கட்டுப்படுத்தப்படுவதாகத் தெரிந்தது. மைக்ரோ அரேயை மட்டும் நம்பியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

பிறகு இந்த எண்களை எல்லாம் புரத இணைப்பு வரைபடத்தின் மேல் ஏற்றினார்கள். அப்போது ஒரு வியப்பு. கால்-7 அல்லது கால்-10 மரபணுவை நீக்கினால், அந்தப் பாதையின் மற்ற மரபணுக்களும் காலக்டோஸ் இருக்கும்போதே அடங்கிப்போயின. பாதி வழியில் தேங்கும் காலக்டோஸ்-1-பாஸ்பேட்தான் காரணமோ என்று சந்தேகித்தார்கள். அது உருவாகவே வழியில்லாதபடி கால்-1, கால்-10 இரண்டையும் சேர்த்து நீக்கிப் பார்த்தபோது அந்த அடக்கம் காணாமல் போனது!

இது ஈஸ்ட்டோடு நிற்கும் செய்தி அல்ல. கால்-7 செய்யும் வேலையை மனிதரில் செய்யும் நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைக்குக் காலக்டோசீமியா வருகிறது. அதே பொருள் உடலில் தேங்க, தாய்ப்பாலே நஞ்சாகிவிடுகிறது.

சைட்டோஸ்கேப்

இப்படிப்பட்ட வரைபடங்களைக் கையால் வரைய முடியாது. அதற்காக அதே நிறுவனத்தில் உருவான மென்பொருள்தான் சைட்டோஸ்கேப். 2002ல் முதல் பதிப்பு, 2003ல் ஆய்வுக் கட்டுரை. புரதங்கள் புள்ளிகளாகவும் உறவுகள் கோடுகளாகவும் தெரியும். அளவு மாற்றங்கள் நிறங்களாக மேலே ஏறும். இலவசம், மூலநிரலும் திறந்தது. யார் வேண்டுமானாலும் துணை நிரல் எழுதிச் சேர்க்கலாம். புற்றுநோய் முதல் பயிர் ஆய்வு வரை இது இன்றும் பயன்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. திரையில் தெரியும் கோடு ஒவ்வொன்றும் உண்மையான உறவு அல்ல. புரத இணைப்புப் பட்டியல்களில் தவறான இணைப்புகளும் கலந்திருக்கும். காலக்டோஸ் ஆய்விலும் கணினி எழுப்பியது சந்தேகத்தை மட்டுமே. அதைத் தீர்த்து வைத்தது, இரண்டு மரபணுக்கள் நீக்கப்பட்ட அந்த ஈஸ்ட்தான்.