பத்திரத்தின் முதுகில் எழுதிய வரவு

பூர்வீகச் சொத்தை விற்க வருகிறவர்களின் வில்லங்கச் சான்றில், கிரயங்களுக்கும் பாகப்பிரிவினைகளுக்கும் நடுவே ‘1936, அடமானம், ரூபாய் 300’ என்பதுபோல ஒரு வரி நிற்கும். “தாத்தா கடனை அடைச்சுட்டாருன்னுதான் அப்பா சொல்வார், ஐயா. இது எப்படி இன்னும் இருக்கு?” என்று கேட்பார்கள். கும்பகோணம் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். தாத்தா அடைத்திருப்பார் என்றுதான் நம்புகிறேன். பதிவேட்டில் அது ஏறாததற்கு அவருடைய அலட்சியம் காரணமில்லை. சட்டமே அப்படி இருந்தது.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கி அடமானம் எழுதினால் இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்தாக வேண்டும். அந்தக் காலத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதைக் கையால் நகல் எடுத்து முதல் புத்தகத்தில் ஏற்றுவார்கள். கடன் தீர்ந்தால்? அடமானப் பத்திரத்தின் மேலேயே பணம் வந்ததாக எழுதித் தரும் குறிப்பைக் கட்டாயமாகப் பதிய வேண்டியதில்லை என்றது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 17ஆம் பிரிவில். கடன் வாங்க ரிஜிஸ்தர் ஆபீஸ் படியேற வேண்டும். அடைக்கக் கடன் கொடுத்தவர் வீட்டுத் திண்ணை போதும்.

அந்த வரவை எழுதிய விதத்தைப் பார்த்தால் மரியாதை வரும். பழுப்பேறிய ஸ்டாம்பு பேப்பரின் பின்பக்கம், நெல் விற்ற வகையில் ரூபாய் 40, ரொக்கம் 25 என்று தேதியோடு வரிசையாக இறங்கும். கடைசியில் முதலும் வட்டியும் பைசலாகிப் பத்திரம் திரும்பியதாக ஒரு வாசகம், கையெழுத்து, பக்கத்தில் யாரோ ஒரு சாட்சியின் பெருவிரல் ரேகை. இனிச் செல்லாது என்பதற்கு அடையாளமாக ஓரத்தைக் கிழித்தும் கொடுத்திருப்பார்கள். அந்தத் தாள் பரண் பெட்டியில் கிடக்கும். கரையான் அரித்தால் சாட்சியமும் போயிற்று.

ரசீதே இல்லாமல் தீர்ந்த கடன்களும் உண்டு. விவசாயிகள் கடனில் மூழ்கிய முப்பதுகளின் முடிவில், 1938இல், ராஜாஜி மந்திரிசபை சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பழைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி தள்ளுபடியானது. 1948இல் சேர்த்த 9-ஏ பிரிவு இன்னும் ஒருபடி மேலே போனது. நிலம் போக்கியத்தில் 30 வருஷம் கடன் கொடுத்தவர் அனுபவத்தில் இருந்திருந்தால், சில விலக்குகள் நீங்கலாக, கடன் முழுவதும் தீர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. எத்தனையோ குடும்பங்களுக்கு நிலத்தை மீட்டுத் தந்த பிரிவு அது. அதை எழுதியவர்களுக்குக் கைகூப்பலாம். ஆனால் சட்டம் தீர்த்த கடனுக்கு ரசீது எழுதக் கடன் கொடுத்தவர் யார் வருவார்?

தனியாரிடம் மட்டுமல்ல, வங்கிகளிலும் நிலம் அடமானம் போயிற்று. 1929இல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி தொடங்கியது. பின்னாளில் நிலவள வங்கிகளில் கிணறு வெட்டவும் பம்புசெட்டு வைக்கவும் வாங்கிய கடன்களின் வரிகளும் பல சான்றுகளில் நிற்கின்றன. இவை சுலபம். பெயர் மாறினாலும் வங்கி இருக்கிறது; கணக்கு தீர்ந்திருந்தால் நிலுவையில்லாச் சான்றும் ரசீதும் கேட்டு வாங்கலாம்.

தனியார் அடமானம் என்றால், சொத்து யார் கையில் இருக்கிறது என்பதே நான் கேட்கும் முதல் கேள்வி. உங்கள் கையிலேயே இருந்து, கெடு முடிந்து 12 வருஷம் தாண்டியிருந்தால், இடையில் பகுதிப் பணமோ எழுத்துமூல ஒப்புதலோ தராதவரை, பொதுவாக அந்தக் கடனுக்கு வழக்குப் போட முடியாது. போக்கியமாக, அதாவது சுவாதீன அடமானமாகக் கொடுத்து எதிர்த்தரப்பு அனுபவத்தில் இருந்தாலும் மனம் தளர வேண்டாம்: வெறும் 30 வருஷம் கழிந்ததாலேயே மீட்கும் உரிமை போய்விடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் காலாவதியானாலும் வரி தானாக மறையாது. கடன் கொடுத்தவரின் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டு அடமான ரசீதைப் பதிய வேண்டும். அவர்கள் கிடைக்காவிட்டால் சிவில் கோர்ட்டில் விளம்புகைத் தீர்ப்பு வாங்க வேண்டும்.

ஆகவே பரண் பெட்டியில் ஓரம் கிழிந்த பத்திரம் அகப்பட்டால் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். பின்பக்கத்தைப் படியுங்கள். கையெழுத்துப் போட்டவரின் பிள்ளைகள் ஊரில் இருக்கும்போதே ரசீதைப் பதிந்துவிடுங்கள்.