விழுப்புரத்தில் வண்டி நின்ற நேரம்

எழும்பூரில் ராத்திரி வண்டி ஏறித் தெற்கே போனவர்களுக்கெல்லாம் விழுப்புரம் ஒரு குரலாகத்தான் ஞாபகம் இருக்கும். ஊரைப் பார்த்திருக்க மாட்டார்கள். பாதித் தூக்கத்தில் "காப்பி, காப்பி" என்ற கூவல் ஜன்னல் வழியே வரும். யாரோ ஒருவர், "விழுப்புரம் வந்தாச்சு" என்று பெட்டிக்கே பொதுவாக அறிவிப்பார். உடனே கூஜாவைத் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் இறங்குவார்கள். வண்டி அவ்வளவு சீக்கிரம் கிளம்பாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கிளம்பாததற்குக் காரணம் உண்டு. நீராவி எஞ்சின் காலத்தில் எஞ்சினுக்குத் தாகம் எடுக்கும். பிறகு 1965-இல் சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதைக்கு மின்சாரம் வந்தது. ஆனால் அந்த மின்சாரம் விழுப்புரத்தோடு நின்றுவிட்டது! ஆகவே அதுவரை இழுத்துவந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு நீராவி எஞ்சினையோ டீசல் எஞ்சினையோ மாட்டவேண்டும். அந்த இடைவேளையில் தென்னாடு முழுவதும் பிளாட்பாரத்தில் இறங்கி நின்று காப்பி குடித்தது என்று சொன்னால் அது பெரிய மிகையல்ல.

சென்னைப் பட்டணத்தில் பல ஜாதியும் பல மொழியும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வாழ்கின்றன என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம் அல்லவா? அந்த வாழ்க்கைக்கு ஒத்திகை நடந்தது சென்னையில் அல்ல, விழுப்புரம் போன்ற ஜங்ஷன்களில்தான் என்பது என் எண்ணம். கிராமத்தை விட்டுப் பிழைக்கப் புறப்பட்டவன் பட்டணத்தை முதன்முதலில் இந்தப் பிளாட்பாரத்தில்தான் பார்த்தான்.

இந்த ஊரிலிருந்து ஐந்து திசைகளில் தண்டவாளம் ஓடுகிறது. வடக்கே செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்கு. தென்கிழக்கே கடலூர், மாயவரம் வழியாகத் தஞ்சாவூர்ச் சீமைக்கு. 1879 டிசம்பரில் புதுச்சேரிக்கு ஒரு கிளை திறந்தார்கள். பின்னர் திருவண்ணாமலை வழியே காட்பாடிக்கு ஒன்று. தஞ்சாவூரைச் சுற்றிக்கொண்டு திருச்சிக்குப் போவானேன் என்று 1929-இல் விருத்தாசலம் வழியாகக் குறுக்குப் பாதையும் போட்டார்கள்.

புதுச்சேரிக் கிளைக்குத் தனி ருசி உண்டு. 1954 நவம்பர் வரையில் அது வேறு அரசாங்கத்தின் ஊர். தென் ஆர்க்காட்டு மல்லாக்கொட்டை அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் பிரான்ஸ் தேசத்து மார்ஸேல் நகருக்குப் போய் எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறிற்று. மூட்டைகள் போன பாதையிலேயே மனிதர்களும் போனார்கள். 1908-இல் பாரதியார் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அவரையும் அவருடைய நண்பர்களையும் பார்க்கப் போகிறவர்களைப் பிரிட்டிஷ் ரகசியப் போலீசார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார்கள்.

இத்தனை விதமான மனிதர்களும் மூன்றாம் வகுப்புப் பலகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது. ரயில் கம்பெனி காசைப் பார்த்துப் பெட்டி பிரித்ததே தவிரக் குலத்தைப் பார்த்துப் பிரிக்கவில்லை. இதில் தரும சிந்தனை ஒன்றும் கிடையாது. ஜாதிக்கு ஒரு பெட்டி இணைப்பதென்றால் நம் தேசத்தில் எந்த எஞ்சின் இழுக்கும்?

ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் கம்பெனியும் பணிந்துபோயிற்று. தென்னிந்திய ரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்கு ஓர் இடம், இதரர்களுக்கு ஓர் இடம் என்று பலகை மாட்டிப் பிரித்து வைத்திருந்தார்கள். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். எழும்பூரிலிருந்து ஒருவர் தோளில் ஒருவர் தூங்கிவழிந்துகொண்டே வந்த இரண்டு பேர் ஒரே வாசற்படி வழியாக இறங்குகிறார்கள். ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமும் போகிறார்கள். ஒரே அடுப்பில் வெந்த இட்லியைத் தின்கிறார்கள். மணி அடித்ததும் ஓடிவந்து, மறுபடி ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து குறட்டை விடுகிறார்கள்! "இதரர்" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை கோடிப் பேரை அடைத்துவிட்டார்கள் பாருங்கள்.

பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் இதைப் பற்றிப் பல வருஷங்கள் எழுதியும் பேசியும் கிளர்ச்சி செய்தார்கள். கடைசியில் 1941-இல் ரயில்வேக்காரர்கள் அந்தப் பேதத்தை எடுத்துவிட்டார்கள். பலகை இறங்கிய காரணத்தால் யார் தொண்டையிலும் இட்லி சிக்கியதாகத் தகவல் இல்லை.

சென்னையிலிருந்து வருகையில் விழுப்புரத்துக்கு முந்திய பெரிய ஸ்டேஷன் திண்டிவனம். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. புளியங்காடாக இருந்த ஊர் என்பார்கள். இன்று அதை மல்லாக்கொட்டை ஊர் என்றே சொல்லலாம். இங்குள்ள ஆராய்ச்சிப் பண்ணையில் பிறந்த நிலக்கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று திண்டிவனத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1940-இல் வந்த டி.எம்.வி. 2 பல மாகாணங்களுக்கும் பரவியது.

கடலையை விடுங்கள், மனிதரைப் பற்றிச் சொல்ல வந்தேன். சென்னை அண்ணா சாலைப் பக்கம் போகிறவர்கள் ஓமந்தூரார் தோட்டம், ஓமந்தூரார் ஆஸ்பத்திரி என்று தினம் பத்துத் தடவை சொல்கிறார்கள். ஓமந்தூர் என்பது திண்டிவனத்துக்கு அருகில் உள்ள ஒரு கிராமம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் கிராமத்து விவசாயி ஓ. பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல் வரையில் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். முதல் மந்திரிக்கு அப்போது பிரதமர் என்றுதான் பெயர். தேவதாசி முறையை ஒழித்த சட்டமும், தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசச் சட்டமும் அவர் ஆட்சியில், 1947-இல் வந்தவை. ரயில்வே சாப்பாட்டு அறையில் பலகை இறங்கி ஆறு வருஷத்தில் கோயில் வாசலிலும் இறங்கிற்று என்று அன்றைக்கு நம்பியிருப்பார்கள். நானாக இருந்தாலும் நம்பித்தான் இருப்பேன்.

விழுப்புரம் கடைத்தெரு ஸ்டேஷனிலிருந்து அதிக தூரமில்லை. 1978 ஜூலையில் அந்தக் கடைத்தெருவில் தொடங்கிய ஒரு தகராறு ஜாதிக் கலவரமாக மூண்டது. குடிசைகள் எரிந்தன. தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அரசாங்கம் விசாரணைக் கமிஷன் அமைத்தது. பிளாட்பாரத்தில் அருகருகே நின்று காப்பி குடித்தவர்களின் ஊர்தான் அது. கதை எழுதுகிறவன் இந்த இடத்துக்கு வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான். ஐந்து திசையிலிருந்தும் வந்த மனிதர்களுக்குப் பிளாட்பாரத்தில் ஒரே இடத்தில் நிற்கத் தெரிந்தது. ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும் அவரவர் தெருவுக்குத்தான் போனார்கள்.

மற்றொரு வருஷத்தையும் சொல்லியாக வேண்டும். 1987 செப்டம்பரில் வன்னியர்கள் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் செய்தார்கள். சென்னைக்கும் தெற்குச் சீமைக்கும் நடுவே போக்குவரத்து ஸ்தம்பித்தது. அந்தப் போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தார்கள். தூக்கத்திலேயே இந்தப் பிரதேசத்தைக் கடந்து பழகிய பட்டணத்துவாசிகளுக்கு, நடுவில் இப்படி வறண்ட பூமியும் வறிய மக்களும் இருப்பது அந்த வாரத்தில்தான் உறைத்தது.

இப்போது எல்லாம் அகலப் பாதை. மின்சாரக் கம்பி விழுப்புரத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. எஞ்சின் மாற்றும் வேலை இல்லாததால் வண்டி சில நிமிஷங்களே நிற்கிறது. காப்பி வாங்க இறங்குகிறவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் சில்லறை கொடுக்கிறார். பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்க அவகாசம் இல்லை.

விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி என்ற கிராமத்தில் ஒரு திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. தலித் மக்கள் உள்ளே போகலாமா கூடாதா என்று எழுந்த சண்டையில், 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி ஸீல் வைத்தார்கள். ஹைகோர்ட் உத்தரவின் பேரில் 2024 மார்ச்சில் நித்திய பூஜைக்காக மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் போலீஸ் காவலுடன் அந்த மக்கள் உள்ளே போய் அம்மனைக் கும்பிட்டார்கள். ஓமந்தூரார் காலத்துச் சட்டத்துக்கு அப்போது எழுபத்தெட்டு வயது.