உதயசங்கரும் ‘கல்பனா’வும்

இந்திய நவீன நடனத்தின் வரலாற்றை உதயசங்கரிலிருந்து (1900–1977) தொடங்குவது ஆய்வாளர் மரபு. பல்லாண்டுகள் மேடையிலே ஆடிய அவர் இயக்கி நடித்த முழுநீளத் திரைப்படம் ஒன்றேயாகும். வணிக நோக்கில் தோல்வியுற்ற அப்படமே அவரது கலைக்குரிய தலையாய சான்றாக இன்று எஞ்சியிருக்கின்றது. இம்முரண் ஆராயத்தக்கது.

உதயப்பூரிலே பிறந்த உதயசங்கர், இலண்டன் அரச கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றவர். அக்காலத்தில் மரபுவழி நடனம் எதனையும் அவர் முறையாகக் கற்றிருக்கவில்லை. எனினும் 1923இல் உருசிய நடனமணி அன்னா பவ்லோவாவுக்கு இரு இந்திய ஆடல்களை அமைத்துக் கொடுத்து, அவற்றுள் ஒன்றில் அவருடன் கண்ணனாக ஆடினார். சிற்பங்களிலும் ஓவியங்களிலும் கண்ட நிலைகளை அசைவாக்கியமையே அவரது தொடக்க முறையாகும். மரபை ஒப்புவியாது ஆக்கத்துக்குரிய மூலப்பொருளாகக் கொண்டமையே அவரது புதுமை. இதனைக் குறையெனக் கண்டோரும் உளர்.

இமயச் சாரலில் உள்ள அல்மோராவிலே 1938இல் அவர் நிறுவிய பண்பாட்டு நிலையம் இக்குறைக்கு விடையாக அமைந்தது. கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரியும், பரதத்துக்குப் பாலசரசுவதியின் ஆசானான கந்தப்பபிள்ளையும், இசைக்கு அலாவுதீன் கானும் அங்கு ஆசிரியராயினர். ஆயின் போர்க்காலத்தில் நிதி நெருக்கடியால் நிலையம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது.

இழந்த கனவைத் திரையிலே மீட்கும் முயற்சியே ‘கல்பனா’ (1948). சென்னை ஜெமினி கலையகத்தில் உருவான இப்படத்தில், கலைநிலையம் அமைக்க விழையும் உதயன் எனும் ஆடற்கலைஞனாக அவரே நடித்தார். துணைவியார் அமலாவும் உடன் நடித்தார். இக்கதையை எழுத்தாளன் ஒருவன் திரைப்படத் தயாரிப்பாளரிடம் எடுத்துரைப்பதாகப் படம் அமைகின்றது. கலையை விலைபேசும் உலகைக் கண்டித்த படத்தை அவ்வுலகு ஏற்கவில்லை. அதே கலையகத்தில் உருவாகி அதே ஆண்டில் வெளியான ‘சந்திரலேகா’வோ தன் முரசு நடனத்தால் நாடெங்கும் புகழ் பெற்றது. திரளான ஆடலைத் திரையுலகம் விரும்பியது. அதனோடு வந்த விமரிசனத்தையே விலக்கியது எனலாம்.

எனினும் அவரது செல்வாக்கு மாணவர் வழியே பரவியது. அல்மோராவில் பயின்ற குருதத், பூனாவின் பிரபாத் நிறுவனத்தில் நடன அமைப்பாளராகத் தொடங்கிப் பின்னர் இயக்குநரானார். உதயசங்கரின் ஆடற்றுணைவியான சிம்கி, ‘ஆவாரா’ (1951) படத்தின் கனவுக் காட்சிக்கு நடனம் அமைத்தார். சாந்தி பர்தன், 1952இல் பம்பாயிலே தனி நடனக்குழு நிறுவினார்.

ஆடல் ஆடி முடிந்ததும் மறையும் கலை. நிலையம் மூடப்பட்டது, ஆடியோரும் மறைந்தனர். மீட்டெடுக்கப்பட்ட ‘கல்பனா’ 2012இல் கான் திரைப்பட விழாவிலே காட்டப்பட்டபோது, 1948இன் வருமானக் கணக்கு பொருளற்றதாயிற்று. கலைப்படைப்பொன்றின் தோல்வியை அதன் காலத்து வசூலை மட்டும் கொண்டு முடிவுசெய்தலாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.