பதிவேடும் அதிகாரமும்: யுனிக்ஸ் கணனி வரலாற்றில் ஒரு நோக்கு

யுனிக்ஸ் கணனியொன்று பழுதுறும்போது அதனைப் பராமரிப்போர் முதலில் நாடுவது அதன் பதிவேடுகளையே. எவர் உள்நுழைந்தார், எந்நிரல் எப்போது தடைப்பட்டது என்பனவற்றை இயந்திரமே நேரங்குறித்து எழுதிவைக்கின்றது. இப்பதிவேடுகளை வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு, அவற்றின் நம்பகத்தன்மை எதனாற் தீர்மானிக்கப்படுகின்றது என ஆராய்வதே எமது நோக்கமாகும்.

தொடக்கத்தில் நிரல்கள் தத்தம் செய்திகளைத் தனித்தனியே எழுதிவந்தன. 1980களில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் எரிக் ஓல்மன், செண்ட்மெயில் என்னும் அஞ்சல் நிரலுடன் இணைத்துச் சிஸ்லொக் முறையை உருவாக்கினார். பின்னர் அது ஏனைய நிரல்களுக்கும் பொதுவாயிற்று. செய்திகள் கடுமைக்கேற்ப எட்டுப் படிகளாக வகுக்கப்பட்டு ஓரிடத்தில் திரட்டப்பட்டன.

ஆயின், திரட்டப்பட்ட ஆவணம் எவர் கையில் உள்ளது? 1986இல் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் நிகழ்ந்தது இவ்வினாவைத் தெளிவாக்குகின்றது. கணனிப் பயன்பாட்டுக்குக் கட்டணம் அறவிடுதற்கென அங்கு இரு கணக்கு முறைகள் இருந்தன. யுனிக்ஸுக்கு உரியது ஒன்று. ஆய்வுகூடத்தார் தாமே எழுதியது மற்றையது. இரண்டுக்குமிடையே 75 சதம் வேறுபட்டது. வானியலாளரான கிளிபோர்ட் ஸ்டோல் அச்சிறு வேறுபாட்டைப் புறக்கணியாது ஆராய்ந்தபோது, கட்டணம் செலுத்துவோர் இன்னாரெனக் குறிக்கப்படாத பயனர் கணக்கொன்று வெளிப்பட்டது. பாதுகாப்புக்கென எழுதப்படாத ஆவணமே ஊடுருவலைக் காட்டிக்கொடுத்தது.

ஊடுருவியவர் ஈமாக்ஸ் நிரற்றொகுதியின் குறையொன்றைப் பயன்படுத்தி, கணனியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றியிருந்தார். அவ்வதிகாரம் உடையவர் பதிவேட்டையும் திருத்தவோ அழிக்கவோ வல்லவர். ஆகவே ஸ்டோல், உள்வரும் தொடர்பு வழிகளில் அச்சியந்திரங்களைப் பொருத்தினார். கணனிக்குப் புறத்தே தாளிற் பதிந்தவை ஊடுருவியவரின் கைக்கு எட்டவில்லை. தொடர்ந்த தேடல் மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகருக்கு இட்டுச்சென்றது. மார்க்குஸ் ஹெஸ் என்பவர் சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்றமை தெரியவந்தது. 1990இல் அவர் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு முக்கியமானது. பதிவேட்டின் மௌனம் தவறின்மைக்குச் சான்றாகாது. ஆட்சியாளர் தம் ஆட்சியைப்பற்றி எழுதுவித்த ஆவணத்தை வரலாற்றாசிரியர் தனித்து நம்புவதில்லை. அவ்வதிகாரத்துக்கு உட்படாத வேறொரு சான்றுடன் ஒப்புநோக்குவர். பதிவேடுகளின் படியொன்றை வேறொரு கணனிக்கு உடனுக்குடன் அனுப்பிவைக்கும் நடைமுறையும் இவ்வடிப்படையிலேயே எழுந்ததாகும். நிருவாகமும் வங்கியும் வைத்தியசாலையும் கணனிவழி இயங்கும் சமுதாயத்தில், சான்றை அதிகாரத்தினின்று பிரித்துக் காத்தல் தொழில்நுட்பவியலாளரின் பொறுப்பு மட்டுமன்று; அது மக்களின் உரிமை சார்ந்ததுமாகும்.