பக்தாதில் ஒரு தேர்வு. நாமக்கல்லில் ஒரு பாடம்

ஹிஜ்ரி 319ஆம் ஆண்டு, கி.பி. 931. அப்பாசியக் கலீஃபா அல்-முக்ததிர் ஆட்சி புரிந்த காலம். மருத்துவர் ஒருவர் செய்த பிழையால் பக்தாதில் எளிய மனிதர் ஒருவர் உயிரிழந்தார் என்னும் செய்தி அரண்மனைக்கு எட்டியது. இறந்தவர் செல்வரல்லர், செல்வாக்குடையவருமல்லர். ஆயினும் கலீஃபா அதனை விதியென்று விட்டுவிடவில்லை. தலைமை மருத்துவர் ஸினான் இப்னு தாபித்திடம் தேர்வு பெற்றுச் சான்று வாங்காத எவரும் இனி மருத்துவம் பார்க்கலாகாது என்று ஆணையிட்டார். நகரின் இரு கரைகளிலும் இருந்து 860க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் தேர்வுக்கு வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர்.

அத்தேர்வில் நிகழ்ந்ததாக இப்னுல் கிஃப்தீ ஒரு சம்பவத்தைப் பதிவு செய்கிறார். நல்ல உடையும் கம்பீரத் தோற்றமும் கொண்ட முதியவர் ஒருவர் வந்தார். ஸினான் அவரை மரியாதையுடன் அமர்த்தி, யாரிடம் பயின்றீர் என்று வினவினார். முதியவர் பொற்காசுகள் அடங்கிய பொதியை எடுத்து முன்னே வைத்தார். தமக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்றும், குடும்பத்தைக் காப்பது இத்தொழில் ஒன்றே என்றும் ஒப்புக்கொண்டார். ஸினான் நகைத்தார், ஆனால் விரட்டிவிடவில்லை. அறியாத நோய்க்கு மருந்து தருவதில்லை, எளிய நோய்களுக்கன்றிப் பேதி மருந்தோ இரத்தம் எடுத்தலோ பரிந்துரைப்பதில்லை என்ற நிபந்தனையின் பேரில் தொழிலைத் தொடர அனுமதித்தார். தேன்காடிச் சர்பத்துக்கும் இனிப்புப் பானகத்துக்கும் அப்பால் தாம் ஒருபோதும் சென்றதில்லை என்றார் முதியவர்!

நகைப்புக்கு இடமான கதைதான். ஆயினும் அதனுள் ஒரு பெரும் நெறி அடங்கியிருக்கிறது. தன் அறிவின் எல்லையை அறிந்தவன் குறைந்த தீங்கே செய்வான். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவன் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. மருத்துவக் கல்வியைப் பர்ளு கிஃபாயா என்று வகுத்தார்கள் இமாம் கஸ்ஸாலி. சமுதாயத்தில் சிலரேனும் அதை நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றவாளிகளாவர் என்பது அதன் பொருள்.

ஆனால் பக்தாதின் ஆணையில் ஒரு விலக்கும் இருந்தது. புகழ்பெற்ற மருத்துவர்களும் அரச பணியில் இருந்தவர்களும் தேர்வு எழுத வேண்டியதில்லை. அவர்களின் கல்வி நிறைவுற்றது என்று அக்காலம் கருதியது. நம் காலத்தில் அந்த விலக்கு செல்லாது. நோயாளியின் உடலில் வாழும் கிருமி ஒவ்வொரு நாளும் புதுப்பாடம் கற்றுக்கொண்டிருக்கிறதே! மருத்துவர் கல்லூரியோடு கற்பதை நிறுத்தினால் வெற்றி யாருக்கு?

இதை முன்னரே உணர்ந்தவர் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1928இல் அம்மருந்தைக் கண்ட அவர், 1945இல் நோபெல் பரிசு பெற்ற மேடையிலேயே எச்சரிக்கையும் விடுத்தார். குறைந்த அளவில் மருந்தை உண்ணும் ஒருவன் கிருமிகளைக் கொல்லாமல், மருந்தைத் தாங்கும் பயிற்சியை அவற்றுக்கு அளித்துவிடுகிறான். அக்கிருமி அவன் மனைவியைப் பற்றும்போது மருந்து பயனற்றுப் போகும்; அவள் சாவுக்கு அவனே காரணமாவான் என்று ஒரு கற்பனைக் கதையின் வாயிலாக விளக்கினார்.

அந்த எச்சரிக்கைக்கு நம் மண்ணிலேயே ஒரு நல்ல விடை கிடைத்தது. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியே கொடுத்தபோது காசநோய்க் கிருமி அதை எதிர்த்து நிற்கக் கற்றது. எனவே மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பிறந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், கூட்டு மருந்தை ஒழுங்காக உண்டால் ஏழை நோயாளி தன் வீட்டிலிருந்தே குணமடையலாம் என்பதை 1959இல் உலகுக்கு நிரூபித்துக் காட்டியது. மருந்தின் ஆற்றலோடு அதை உண்ணும் ஒழுங்கும் சேர்ந்தபோதே அவ்வெற்றி கிட்டியது.

அதே சென்னையிலிருந்து அரை நூற்றாண்டுக்குப் பின் வேறொரு செய்தி புறப்பட்டது. 2010 ஆகஸ்டில், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை லான்செட் தொற்றுநோய் இதழில் வெளியாயிற்று. கடைசிப் புகலிடமாகக் கருதப்பட்ட கார்பபெனெம் மருந்துகளையும் முறியடிக்கும் என்.டி.எம்.-1 என்னும் மரபணுவைத் தாங்கிய கிருமிகளைச் சென்னையில் 44 மாதிரிகளிலும் அரியானாவில் 26 மாதிரிகளிலும் கண்டதாக அது கூறிற்று. பெயரில் புது டில்லி இடம்பெற்றதால் எழுந்த சினம் நாடெங்கும் பேச்சாயிற்று. கிருமியைப் பற்றிய கவலை அவ்வளவு பேசப்படவில்லை.

கவலைப்பட்டவர்களும் இருந்தார்கள். சென்னையின் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் அவர்களின் ஒருங்கிணைப்பில், 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் பல ஒன்றுகூடிச் சென்னைப் பிரகடனத்தை வரைந்தன. மருத்துவக் கல்வியில் நோய்த்தொற்றுத் தடுப்புக்கு உரிய இடம், மருந்துச் சீட்டின்றி விற்பதற்குக் கட்டுப்பாடு, மருத்துவமனைகளில் மருந்துப் பயன்பாட்டைக் கண்காணித்தல் என்பன அதன் கோரிக்கைகளுள் சில. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணை, முக்கியமான எதிருயிரி மருந்துகளை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காக்க வேண்டும் என்றது.

இனி நாமக்கல்லுக்கு வருவோம். 1997 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த அந்தப் புன்செய்ச் சமவெளி, இன்று நாட்டுக்கே முட்டை ஊட்டும் பூமி. சத்துணவுக் கூடத்துப் பிள்ளையின் தட்டிலும் வளைகுடா நாட்டுச் சமையலறையிலும் அதன் முட்டை இருக்கிறது. ஆயிரக்கணக்கான கோழிகள் நெருங்கி வாழும் கொட்டகையில் நோய் புகுந்தால் ஒரு குடும்பத்தின் வாழ்வே சாயும். ஆகவே பண்ணையாளர் மருந்தை நாடுவதில் வியப்பில்லை.

கொலிஸ்டின் என்னும் மருந்து சிறுநீரகத்தைக் கெடுப்பதால் ஒருகாலத்தில் மனித மருத்துவம் கைவிட்டது. வேறு மருந்துகள் தோற்ற பின் உயிர்காக்கும் கடைசி ஆயுதமாக அதையே மீண்டும் எடுத்தார்கள். ஆனால் அதற்குள் உலகின் பல நாடுகளில் அது கால்நடைத் தீவனத்தில் கலந்திருந்தது. நோய் தீர்க்க மட்டுமன்று, கொழுக்க வைக்கவும்! 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்.சி.ஆர்.-1 என்னும் மரபணுவை அறிவித்தனர். கொலிஸ்டினை எதிர்க்கும் அத்திறன் ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவக்கூடியது. கொட்டகையில் பிறந்த எதிர்ப்பு, மருத்துவமனைப் படுக்கைக்கு நடந்து வர வழி திறந்தது. 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது.

இத்தடையை வெறும் சட்டமாக மட்டும் பார்க்கலாகாது. மருத்துவர், கால்நடை மருத்துவர், பண்ணையாளர் மூவரும் ஒரே வகுப்பில் அமர வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதன் அறிவிப்பு அது. அதற்கான வகுப்பறைகள் அச்சமவெளியிலேயே உள்ளன. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் தோன்றியது. சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 1986இல். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. தடுப்பூசி, தூய நீர், கொட்டகைச் சுத்தம் ஆகியவற்றால் மருந்தின் தேவையைக் குறைப்பதைப் பண்ணையாளருக்குக் கற்பிக்கலாம். தம் வட்டாரத்துக் கிருமி எந்த மருந்துக்குப் பணிகிறது, எதற்குப் பணிய மறுக்கிறது என்னும் ஆய்வகக் கணக்கை ராசிபுரத்து மருத்துவருக்கும் பரமத்தி மருத்துவருக்கும் ஆண்டுதோறும் எடுத்துரைக்கலாம்.

மருத்துவர் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமேனும் தொடர்கல்வி பெற வேண்டும் என்று இந்திய மருத்துவக் குழுவின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. ஆண்டுக்கு ஆறு மணி! மருத்துவத்தின் அத்தனை துறைகளுக்கும் சேர்த்து அவ்வளவே. அந்த ஆறு மணியும் விருந்துண்டு கையொப்பமிட்டுத் திரும்பும் சடங்காகிவிட்டால், பக்தாதின் முதியவரைவிட நாம் தாழ்ந்தவராவோம். அவர் தமக்குத் தெரியாது என்பதையாவது அறிந்திருந்தார்.

கற்க வேண்டியவர் மருத்துவர் மட்டுமல்லர். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் கடையில் தாமே மாத்திரை கேட்டு வாங்குபவர், வலுவான மருந்து எழுதித் தாருங்கள் என்று மருத்துவரை நெருக்குபவர், இரண்டு நாளில் உடல் தேறியதும் மீதியை அலமாரியில் வைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பவர் ஆகிய அனைவரும் ஃபிளெமிங் கதையின் பாத்திரங்களே.

பிறர் பொருளைக் காப்பதையே நாம் அமானிதம் என்கிறோம். நம் கையிலுள்ள மருந்தின் ஆற்றலும் அத்தகையதே. அது இன்னும் பிறவாத பிள்ளைகளுக்கும் உரியது. அதை வீணாக்காமல் ஒப்படைக்கும் அறிவையும் பொறுப்பையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக!