ஈர நிலமும் ஈரல் புழுவும்

ஈரல் தட்டைப்புழு ஆடுமாடுகளின் பித்தக் குழாய்களில் குடியிருக்கும் இலை வடிவப் புழு. நோய் முற்றிய ஆட்டுக்கு இமையின் உட்புறம் வெளுக்கும். தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கும். பிரான்சைச் சேர்ந்த ழான் த பிரி 1379இல் மேய்ப்பர்களுக்கென எழுதிய நூலிலேயே இந்தப் புழு இடம்பெறுகிறது. ஆடு தின்ற கெட்ட பூண்டினால் அது ஈரலிலேயே பிறக்கிறது என்று அவர் நம்பினார்.

சதுப்பில் மேய்ந்தால் நோய் வரும், கடலோர உப்பு நிலத்தில் மேய்ந்தால் வராது என்பது மேய்ப்பர்களின் அனுபவம். அதைத் தந்திரமாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஆட்டின மேம்பாட்டுக்குப் பேர்போன ராபர்ட் பேக்வெல், கசாப்புக்கு விற்ற தம் ஆடுகளைப் பிறர் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளாதபடி, வெள்ளம் பாய்ச்சிய புல்வெளியில் முன்கூட்டியே மேயவிட்டாராம். காரணம் தெரியாமலே நோயை வரவழைக்கத் தெரிந்திருந்தது!

1879இன் கோடை இங்கிலாந்தில் மழையிலேயே கழிந்தது. அதைத் தொடர்ந்த குளிர்காலத்தில் ஏறத்தாழ 30 லட்சம் ஆடுகள் மாண்டன. அரச வேளாண் சங்கம் பண உதவி தர, ஆக்ஸ்போர்டின் இளம் விலங்கியலாளர் ஏ. பி. தாமஸ் ஆய்வில் இறங்கினார். புழுவின் இளம் பருவம் ஏதோ ஒரு நத்தையில் வளர்கிறது என்ற ஊகம் முன்பே இருந்தது. எந்த நத்தை என்பதுதான் கேள்வி. அவர் சந்தேகித்தது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத சேற்று நத்தையை. நீரைவிட்டு வெளியேறிக் கரைச் சேற்றில் ஒட்டிக்கிடப்பதால், குளத்தில் தேடுபவர் கையில் அது எளிதில் சிக்காது. 1882 ஜூலையில் தேம்ஸ் பெருக்கெடுத்து நத்தைகளை ஏராளமாக அடித்துவந்த பிறகே சோதனைக்குப் போதிய அளவு கிடைத்தன; அவர் சந்தேகமும் உறுதியாயிற்று. அதே காலத்தில் லைப்சிக்கில் ருடால்ஃப் லாய்கார்ட்டும் தனியாக இதே முடிவை எட்டினார். நத்தையிலிருந்து வெளிவரும் லார்வாக்கள் புல்லில் கூடு கட்டி ஒட்டிக்கொள்கின்றன. ஆடு அவற்றைப் புல்லோடு விழுங்குகிறது. கடைசிக் கண்ணியான இதனை அடோல்ஃபோ லுட்ஸ் 1890களில் ஹவாயில் உறுதிசெய்தார்.

வழி தெரிந்தும் மருந்து வரத் தாமதமாயிற்று. 1920களில் வந்த கார்பன் டெட்ராகுளோரைடு புழுவைக் கொன்றது. ஆட்டின் ஈரலையும் பதம் பார்த்தது. நோயைக் கண்டறியச் சாணத்தில் புழுவின் முட்டையைத் தேடும் சோதனைக்கும் ஒரு குறை உண்டு: புழு முதிர்ந்து முட்டையிடச் சுமார் 10 வாரமாகும், இளம்புழுக்கள் அதற்குள்ளேயே ஈரலைத் துளைத்து ஆட்டைக் கொன்றுவிடலாம். 1983இல் வந்த டிரைக்ளாபெண்டசோல் அந்த இளம்புழுக்களையும் அழித்ததால் விரைவில் முதன்மை மருந்தாயிற்று. 1990களின் நடுவில், அதற்கும் சாகாத புழுக்கள் ஆஸ்திரேலிய ஆடுகளில் கண்டறியப்பட்டன.